நான்கு முறை மூடிய அறிக்கை

ரமணியின் பிழை அறிக்கையை நான்காவது முறையாக மூடிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பசறைத் தோட்டத்திலிருந்து அவளுடைய அண்ணன் தொலைபேசியில் பேசினார். "நம்ம ரமணி போயிருச்சுங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. பதுளைக்குக் கொண்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு."

நம் பதுளை அலுவலகத்தில் இருந்த உங்களுக்கெல்லாம் அவளுடைய பிடிவாதம் தெரியும். நிரல் ஒன்று திடீரென நின்றுபோனால், எந்தப் பகுதி எதை அழைத்து அங்கே வந்து சேர்ந்தது என்ற வரிசையை, பிழை தேடும் கருவியான டீபக்கர் காட்ட வேண்டும். அதற்கு வேண்டிய பெயர்களும் வரி எண்களும் தனித் தரவாக இருக்கும். இடத்தை மிச்சப்படுத்த, பல நிரல்களுக்கும் பொதுவான தரவை ஒரே கோப்பில் போட்டோம். அதன் பிறகும் வரிசை அறுபடாமல் வருகிறதா என்று சோதிப்பது ரமணியின் பொறுப்பு.

என் கணினியில் முழுதாக வந்தது. அவளுடையதில் மூன்றாவது வரிக்குக் கீழே வெறும் கேள்விக்குறிகள். "இங்கே சரியாக வருகிறது" என்று எழுதி மூடினேன். திறந்தாள். மூடினேன். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "வேற வேலையே இல்லையா ரமணி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"இதுதாங்கண்ணே என் வேலை. அந்தப் பொதுக் கோப்பை ஒளிச்சு வச்சிட்டு ஓட்டிப் பாருங்க. அப்பவும் முழுசா வந்துச்சுன்னா, உங்க மெஷின் பொய் சொல்லுது."

நான் ஓட்டிப் பார்க்கவில்லை. மென்பொருள் வெளியீட்டுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று சாக்குச் சொன்னேன்.

மண் சரிந்து பசறைப் பாதை அடைபட்ட அன்று, பாதி வழி நடந்தே வந்தாள். நனைந்த செருப்பைக் கழற்றும் முன்பே, "மறுபடி திறந்துட்டேங்கண்ணே, கோவப்படாதீங்க" என்றாள். நான் கோபப்பட்டேன்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் கோப்பை ஒளித்துவைத்து ஓட்டினேன். வரிசை அப்போதும் முழுதாக வந்தது. தரவைப் பொதுவாக்கும் முன் எடுத்துவைத்த பழைய பிரதி என் கணினியிலேயே கிடந்திருக்கிறது. டீபக்கர் இத்தனை நாளும் அதைத்தான் படித்திருக்கிறது. பிரதியை அழித்தேன், பொதுக் கோப்பைத் திரும்ப வைத்து ஓட்டினேன். மூன்று வரிகள், பிறகு கேள்விக்குறிகள். ஐந்து நிமிட வேலை. அவள் இருக்கும்போது செய்யாத என்னை என்ன சொல்வது?

வெளியீட்டை நிறுத்தச் சொன்னேன். இப்போதெல்லாம் சோதனை சரியாக வந்தால் முதலில் கோப்பை ஒளித்துவைத்துப் பார்க்கிறேன். அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பழக்கம் மட்டுமே.

அறிக்கையை இந்த முறை நான் திறந்தேன். "உங்கள் அறிக்கை மீண்டும் திறக்கப்பட்டது" என்ற மின்னஞ்சல், வழக்கம்போல ரமணிக்குப் போயிற்று.