கதைகளில் வரும் சின்னம்மா

பரந்தன் வாசிகசாலை அக்கா கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். வாசித்த கதையைச் சொன்னால்தான் அடுத்த புத்தகம் தருவார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அது சோதனை மாதிரி இருக்கும். தருவதும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைப் பற்றிய நாவல்கள்தான். எல்லாவற்றிலும் சின்னம்மாதான் கொடுமைக்காரி.

ஷெல் விழுந்து செத்த என் அக்காவின் மகளை, அவளின் சின்னம்மாவான நான்தான் வளர்க்கிறேன். என்னைப் பற்றி யாரோ கோள் சொல்லியிருக்க வேண்டும் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

“ஏனக்கா எனக்கு இந்தக் கதையளையே தாறியள்?”

“நானும் சின்னம்மாவிட்ட வளந்தனான். ஒரு புத்தகத்திலயாவது நல்ல சின்னம்மா வாறாவோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

அடுத்த புத்தகத்துச் சின்னம்மா பிள்ளைக்குச் சூடு வைத்தாள். திருப்பிக் கொடுக்கையில், “இதில வாறவா நல்லவா, அக்கா” என்றேன்.

“ஓம், நானும் வாசிச்சனான்” என்றார்.

என் பொய்யைப் பிடித்துவிட்டாரா, அவருக்கும் அது வேண்டியிருந்ததா, இன்றுவரை தெரியவில்லை.