மடிப்புக் கலையாத விரிப்பு

அந்தக் கட்டில் விரிப்பு இளநீலம். பையிலிருந்து அப்போதுதான் எடுத்ததால் மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த டோர்செட் பார்க் அடுக்குமாடி வீட்டில் தங்கைக்கும் எனக்கும் நல்ல கட்டில்கள் இருந்தன. ஆனால் ஊரில் போர் முடிந்த அந்த மே மாதம் யாரும் அறையில் படுக்கவில்லை. வன்னியில் அகப்பட்டிருந்த மாமாவிடமிருந்து எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்று, குடும்பமே ஹோலில் தொலைபேசியைச் சுற்றிப் பாய் விரித்துப் படுத்தது. சின்னவளான தங்கை வகுப்பில் தூங்கி விழுந்தாள். ஏன் என்று கேட்ட ஆசிரியையிடம், நிலத்தில்தான் படுக்கிறோம், அம்மா இரவிரவாக அழுகிறா என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். பிள்ளைகள் நலன் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வருவதாகச் செய்தி வந்தது. எங்களைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அம்மா நடுங்கிப்போனார். வீட்டைத் தளபாடக் கடை போல மினுக்கி, கட்டில்களுக்குப் புது விரிப்புப் போட்டு, பாய்களைச் சுருட்டிக் குளியல் தொட்டிக்குள் நிறுத்தித் திரையை இழுத்து மூடினார். "கட்டிலிலதான் படுக்கிறனாங்கள் எண்டு சொல்லுங்கோ" என்று எங்களுக்குப் பாடம் வேறு!

வந்தவர் விரிப்பின் மடிப்புக் கோட்டை விரலால் தடவினார். பிறகு குளியலறைத் திரையை விலக்கினார். பாய்கள் பிடிபட்ட கள்ளர் மாதிரி நின்றன. நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மாவின் முகமோ வெளிறிவிட்டது. வந்த பெண்மணி தங்கையின் முன் முழந்தாளிட்டு, இரவில் பயம் வந்தால் யாரிடம் போவாய் என்று கேட்டார். தங்கை குழம்பிப்போய் அம்மாவைப் பார்த்தாள்.

"நான் ஏனம்மா போகோணும்? கையை நீட்டினா நீங்கள் இருக்கிறீங்கள்தானே?"

தங்கை சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண்மணி பாய்களைத் தானே தூக்கி வந்து ஹோலில் போட்டுவிட்டு, பிள்ளைகள் இங்கேயே இருக்கட்டும் என்றார். அவர் சப்பாத்துப் போடும்போது தொலைபேசி அடித்தது. மாமா முகாமில் உயிரோடு இருந்தார்! அம்மா கத்திக்கொண்டு குசினிக்குள் ஓடி, கைநிறையச் சீனி அள்ளி வந்து, முதலில் எதிர்ப்பட்ட அந்தப் பெண்மணியின் வாயில் போட்டார். மனுசி சீனியும் சிரிப்புமாக நின்றதை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோசம் பொங்கும்.

இப்போது அந்தப் பெண்மணி பார்த்த அதே வேலை எனக்கு. போன கிழமை மில்லிக்கனில் ஒரு வீட்டில் புத்தம் புது விரிப்பு, மடிப்புக் கோட்டோடு. வாசலில் அந்தத் தாய் விறைத்து நின்றார். அவருடைய மகனிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவன் ஓடிப்போய்த் தாயின் காலைக் கட்டிக்கொண்டான்.

வீட்டில் சீனி இருக்கிறதா என்று அந்தத் தாயிடம் கேட்க எனக்கு வாய் துடித்தது.