ராஜா வெளியே வருவதற்குள்

செஞ்சி வட்டாரத்தில் நான் கிராம சேவிகாவாக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாசி மாதத்தில் எங்கள் ஒன்றிய அலுவலகம் கலை விழா நடத்தியது. அறுபதுகளின் தொடக்கம் அது. கிராம சேவிகா என்றால் ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் பேசுகிற உத்தியோகம். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், குழந்தைக்கு அம்மை குத்துங்கள், வீட்டில் புகையில்லா அடுப்பு போடுங்கள் என்று சொல்ல வேண்டும். பயிற்சியில் எங்களுக்கு மேடைத் தமிழ் கற்றுக்கொடுத்திருந்தார்கள். "அன்பார்ந்த தாய்மார்களே" என்று நான் ஆரம்பித்தால் சிங்கவரத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "இந்தப் பொண்ணு ரேடியோ மாதிரி பேசுது" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். ரேடியோவை நிறுத்துகிற மாதிரி என்னையும் நிறுத்திவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அந்த ரேடியோக் குரலுக்காகத்தான் எங்கள் அதிகாரி விழாவில் அறிவிப்பாளராக என்னைப் போட்டார். அவர் மதுரைப் பக்கத்துக்காரர். நேரம் தவறாதவர். கோட்டை வாசலுக்கு வெளியே இருந்த மைதானத்தில் தார் பீப்பாய்களை நிறுத்தி, அவற்றின்மேல் பலகை அடித்து மேடை போடச் சொன்னார். மதியம் தொடங்கி இருட்டுவதற்குள் முடிய வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் அரை மணி. ஐந்து மணிக்குக் கலெக்டர் வருகிறார். அவர் முன்னால் சென்னையிலிருந்து வரும் பரதநாட்டியம். அதற்கு முன்பு எல்லாம் முடிந்து, மேடை கூட்டித் துடைத்துத் தயாராக இருக்க வேண்டும்.

"நீ மைக்கை விட்டு அசையக்கூடாது. நான் கையைக் காட்டினால் அந்த நிகழ்ச்சி முடிந்தது என்று அறிவித்துவிட வேண்டும்" என்றார்.

என் அப்பாவிடம் சொன்னபோது அவர் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம். செஞ்சிக்குக் கிழக்கே ஒரு ஊரில் சொற்ப நிலம். அப்பா எங்கள் மாதா கோயில் பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிப்பவர். தேர்த் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அடிப்பார். மற்ற நாளில் வாயே திறக்க மாட்டார்.

"மேடையில ஏறி நிக்கணுமா?"

"நிக்கணும், நைனா. ஆபீசர் உத்தரவு."

"பேர் படிச்சிட்டு எறங்கிடுவ இல்ல?"

"அவ்ளோதான் நைனா."

தவிட்டுக் கையைக் கழுவினார். பிறகுதான், தங்கள் பேண்டு செட்டையும் விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மெல்லச் சொன்னார். எனக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்தாரோ என்னவோ. முகத்தில் ஒரு சின்னப் பிள்ளைச் சந்தோஷம் வந்து போனது.

விழா அன்று சந்தை நாளைவிட அதிகக் கூட்டம். வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், பஸ் கூரைமேல் உட்கார்ந்து வந்தார்கள். நாதஸ்வரக் கச்சேரியோடு தொடங்கியது. வித்வான் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தபோது கோட்டைக் குரங்குகள் இறங்கி வந்து, மேடை முகப்பில் கட்டியிருந்த வாழைத்தாரைச் சாவகாசமாகப் பிய்த்துத் தின்றன. கூட்டம் ஏன் சிரிக்கிறது என்று அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். வாசிப்பை நிறுத்தவில்லை. குரங்கைப் பார்த்து ஒரு குழைவு குழைந்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்து எங்கள் ஊர் பேண்டு. வெள்ளைக் கால்சட்டை, சிவப்புத் துண்டு. அப்பாவின் டிரம் அடிக்க அடிக்க, எதிரே கோட்டை மலையின் ராஜகிரிப் பாறையிலிருந்து அதே அடி ஒரு நொடி தாமதித்துத் திரும்பி வந்தது. அதை அப்பா கவனித்துவிட்டார். பாட்டு முடிந்த பிறகும் தனியாக ஒரு அடி அடித்து, மலை பதில் சொல்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். கூட்டமும் கேட்டது. மலை சொன்னது. எல்லோரும் கை தட்டினார்கள். நான்தான் மைக்கில், "அடுத்ததாக, கண்ணையும் கருத்தையும் கவரும்" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

தெற்கேயிருந்து வில்லுப்பாட்டுக் குழு வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆள் நீளத்துக்கு மணிகள் கட்டிய வில்லைக் கொண்டுவந்து வைத்ததும், முன் வரிசையிலிருந்து ஒரு விவசாயி, "வில்லு இருக்குது, அம்பு எங்கய்யா?" என்று கேட்டார். பாட்டுக்காரர் கோலால் நாணைத் தட்டி, "அம்பு எங்க வாயில இருக்குங்க" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் என்ன சொன்னாலும் ஜனம் "ஆமா" போட்டது.

தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரை ஆடியவர்கள் கணவன் மனைவி. ராஜாவும் ராணியும். செஞ்சிக்காரர்களுக்குக் குதிரைமேல் ராஜா என்றால் சொல்லவே வேண்டாம். தங்கள் ராஜாவே கோட்டையிலிருந்து இறங்கி வந்ததுபோல் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். ராணிக் குதிரை பின்வாங்கிப் பின்வாங்கி என் மைக் வரைக்கும் வந்து, அட்டைத் தலையால் என் தோளில் ஒரு இடி இடித்தது. "தள்ளி நில்லு கண்ணு, குதிரை ஒதைக்கும்" என்றாள் அந்த அம்மாள் மூச்சு வாங்கச் சிரித்தபடி. அப்போதும் நான் முகத்தை விறைப்பாகத்தான் வைத்திருந்தேன்.

நான்கு மணிக்கு மேல் உள்ளூர்த் தெருக்கூத்துக் குழு, ஜமா என்பார்கள். எங்கள் வட்டாரத்தில் கூத்து என்றால் ஊரடங்கின பிறகு ஆரம்பித்து விடியும்போது முடிகிற சமாசாரம். அவர்களிடம் அரை மணியில் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். "சரிங்க" என்று தலையாட்டியிருந்தார்கள். கூத்தில் ராஜா சட்டென்று வந்துவிட மாட்டார். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதன் பின்னால் நின்று ராஜா பாடுவார், சலங்கையை உதறுவார். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். திரைக்கு முன்னால் கட்டியக்காரன் நின்று, கோமாளித் தொப்பியோடு, வரப்போகிற ராஜாவின் பெருமையைச் சொல்வார். நடுநடுவே கூட்டத்தைக் கேலி செய்வார்.

அரை மணி ஆயிற்று. ராஜா இன்னும் திரைக்குப் பின்னால்தான் இருந்தார். முகவீணை என்கிற சின்ன நாயனம் உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. அதிகாரி மேடைக்குக் கீழே நின்று எனக்குக் கையைக் காட்டினார். நான் பார்க்காததுபோல் இருந்தேன். இரண்டு கையையும் காட்டினார். வேறு வழியில்லாமல் மைக்கைப் பிடித்தேன்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே. நேரமின்மை காரணமாக இந்நிகழ்ச்சி இத்துடன் இனிதே நிறைவு பெறுகிறது."

முகவீணை நின்றது. மைதானமே என்னைத் திரும்பிப் பார்த்தது. கட்டியக்காரன் அப்படியே சிலையாக நின்றார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு தொப்பென்று பலகையில் உட்கார்ந்தார்.

"ஐயையோ! ராஜா இன்னும் வரவேயில்லியே, அதுக்குள்ள ராஜ்யத்த முடிச்சிட்டாங்களே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் எழுந்து, முட்டி போட்டு நகர்ந்து என்னிடம் வந்தார். கைகூப்பினார்.

"தாயே, ராஜாவயே வர வேணாம்னு சொல்றீங்களே. நீங்க யாரு தாயே?"

என் வாயில் மேடைத் தமிழ் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை.  எங்கள் வீட்டில் பேசுகிற பேச்சு தானாக வெளியே வந்துவிட்டது.

"இன்னாய்யா கேக்கற? நான்தான் இந்த நாட்டு மந்திரி!"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொன்ன மறுகணம் மேடைக்குக் கீழே பேண்டுக்காரர்களோடு நின்ற அப்பாவைத்தான் பார்த்தேன். பேர் படித்துவிட்டு இறங்குவதாகச் சொல்லிவிட்டு வந்தவள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குனிந்தார். கோலை எடுத்தார். டிரம்மில் ஒரே ஒரு அடி. டம்! மலையும் ஒரு டம் சொன்னது.

அவ்வளவுதான். மைதானம் அதிர்ந்துவிட்டது.

திரைக்குப் பின்னாலிருந்து ராஜாவின் குரல் கணீரென்று எழுந்தது. அவரும் சளைத்தவர் இல்லை. "ஆகா! நம் மந்திரி வந்துவிட்டாரா? மந்திரி! நம் நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?"

கட்டியக்காரன் என் பக்கம் திரும்பி, கண்ணாலேயே 'சொல்லு, சொல்லு' என்றார்.

"மும்மாரி எங்க ராஜா? ஒரு மாரியே ஒழுங்கா பெய்யல. வீட்டுக்கு வீடு அடுப்புப் பொகதான் நல்லாப் பொழியுது!"

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம்தான் முதலில் வெடித்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தவர்கள் அதையும் எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். கட்டியக்காரன் விடவில்லை. "அட, அதான் சேதியா! பொக கண்ணுல பட்டு ராஜாவுக்குக் கண்ணு தெரியல. அதான் வழி தெரியாம திரைக்குப் பின்னாலயே நிக்கறாரு!"

"அதுக்குத்தான்யா பொகையில்லா அடுப்பு போடச் சொல்றேன். யாரு கேக்கறாங்க?"

"ராஜா கேப்பாரு தாயே. ஏன்னா அவரு வூட்ல அவருதான் சமையலு!"

திரை குலுங்கியது. ராஜா உள்ளே சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கிறார் என்று தெரிந்தது. திரையைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் ஒரு முனையைக் கை நழுவ விட்டார். ராஜா வெளியே வந்தே ஆக வேண்டியதாயிற்று. தோளில் கண்ணாடிச் சில்லு பதித்த மரப் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம், சாய்ந்த வெயிலில் உடம்பெல்லாம் மின்னியது. அவர் சுழன்று சுழன்று கிறுக்கி அடித்தபோது மேடைப் பலகைகள் படபடத்தன. எங்கள் ஊர் டிரம்பெட்காரர் தன்னை மறந்து ராஜாவுக்கு ஒரு வரவேற்பு ஊதினார். மாதா தேர் புறப்படும்போது ஊதுகிற அதே ஊதல். ஜமாவின் மிருதங்கக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் டிரம்மும் சேர்ந்துகொண்டது. வில்லுப்பாட்டுக்காரர்கள் ஒதுங்கி நின்று மணியை ஆட்டினார்கள். பொய்க்கால் குதிரை ராஜா தன் குதிரையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் நின்று ஆடினார். எது கூத்து, எது பேண்டு என்று அப்போது யாராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

இதற்கு நடுவில் கலெக்டர் வந்துவிட்டார். யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் வழி விடாததால் அவர் பின்னாலேயே ஒரு மாட்டு வண்டியின் நுகத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதிகாரி மாலையைத் தூக்கிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க ஓடினார். "அந்த மந்திரி எந்த ஊர் ஜமா?" என்று கலெக்டர் கேட்டாராம். "நம்ம ஆபீஸ்தாங்க" என்று சொல்வதற்குள் அதிகாரிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டதாம். பிறகு அவரே இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பரதநாட்டியம் விளக்கு வைத்த பிறகுதான் ஆரம்பித்தது. ஆட வந்த பெண் காக்க வைத்ததற்குக் கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். அந்தப் பெண் அலங்காரத்தோடு மேடையின் ஓரத்தில் நின்று கூத்தைக் கடைசிவரை பார்த்திருந்தாள். சிரித்துச் சிரித்து மை கலைந்து, மறுபடி எழுதிக்கொண்டு வந்து ஆடினாள். ஆடுவதற்கு முன் நான் அவளைப் பற்றி அறிவித்தேன். மனப்பாடம் செய்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. "மெட்ராஸ்லேர்ந்து நம்ம பொண்ணு வந்திருக்குது. நல்லா ஆடும். பேசாம பாருங்க" என்றேன். அத்தனை பேரும் பேசாமல் பார்த்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தலில் கட்டியக்காரர் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்த பிறகு சாதாரண, ஒல்லி மனிதர். "தங்கச்சி, எங்க ஜமாவுல ஒரு எடம் காலியா இருக்குது. வர்றியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்து இலையிலிருந்து அப்பா, "அது ஏற்கெனவே மந்திரி வேலையில இருக்குது. ராஜினாமா பண்ணாது" என்றார். எங்கள் அப்பா வேடிக்கையாகப் பேசியதை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. எண்ணெய் மினுங்கும் முகத்தோடு கட்டியக்காரர் அவருக்குக் கும்பிடு போட்டார். இருவரும் பாயசத்தை இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டார்கள். பிறகு டிரம்மின் தோலைப் பற்றியும் மிருதங்கத்தின் தோலைப் பற்றியும் பேச ஆரம்பித்தார்கள். பஸ் போய்விடும் என்று நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் சிங்கவரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நான் வருவதைப் பார்த்ததுமே ஒருத்தி இடுப்பை நிமிர்த்தினாள். தலைத்துணியைக் கோமாளித் தொப்பி மாதிரி முறுக்கி வைத்துக்கொண்டாள்.

"தாயே, நீங்க யாரு தாயே?"

"இன்னாய்யா கேக்கற?" என்றேன்.

வயலே சிரித்தது. செடியை உதறுவதை நிறுத்திவிட்டு என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பச்சை மல்லாட்டையை ஒருத்தி என் மடியில் கொட்டினாள்.

"சரி, மந்திரியம்மா. அந்த அடுப்ப எப்படிப் போடறது? மொதல்ல எங்க வூட்டுக்கு வந்து காட்டு" என்றாள் அவள்.

"அதெப்படி? எங்க வூடுதான் பக்கம்" என்றாள் இன்னொருத்தி.

யார் வீட்டுக்கு முதலில் போவது என்று அவர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, நான் கடலையை உரித்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.