கல்குன்றை வலம் வந்தேன்

நாங்கள் சுற்றுலா வந்த கப்பல் ஷாங்காயில் நின்ற ஒரு நாள், எங்களைச் சூச்சௌ தோட்டங்களுக்கும் கால்வாய் ஊர்களுக்கும் அழைத்துப் போன சீன வழிகாட்டி ஒல்லியான மனிதர். குடையை விரிக்காமல் தோளில் சாய்த்தே நடப்பார். ஒருகாலத்தில் மலேசியாவில், எங்கள் மூவார் ஊரில் இருந்தவராம். நான் அங்கே ஆசிரியன் என்றதும் தமிழிலேயே பேசினார்.

முதல் தோட்டத்தில், குளத்தை ஒட்டி, பாறைகளை அடுக்கிக் கட்டிய பெரிய கல்குன்றின் அருகே என் ஏழு வயது மகளைக் காணவில்லை. "தண்ணிப் பக்கம் போகாதே" என்று காலையிலிருந்து அவளை நச்சரித்த நான், வேட்டி தடுக்க, அவள் பெயரைக் கத்தியபடி குன்றைச் சுற்றி ஓடினேன். நான்காவது சுற்றில் வழிகாட்டி குடையை நீட்டி மறித்தார்.

"அலமாக், வாத்தியாரே! நீங்களும் வலமா சுத்துறீங்க, பாப்பாவும் உங்களைத் தேடி வலமாவே சுத்துது. எப்படிப் பார்ப்பீங்க? ஒரு ஆள் நிக்கணும் லா!"

நின்றேன். அரை நிமிடத்தில் மகள் பின்னாலிருந்து வந்து, "எங்கப்பா போனீங்க?" என்று அழுதாள்.

அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "முதல் சுற்றிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவரிடம் எரிந்து விழுந்தேன்.

"சாமி கும்பிடுறீங்கன்னு நினைச்சேன். மூணு சுத்து முடியாம தடுத்தா பாவம்தானே?"

கேலி செய்தாரா, நிஜமாகவே நம்பினாரா? அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.