வாப்பா உப்பு என்று சொன்ன கிணறு

என் வாப்பா அப்துல் ஜலீல் யாரையும் நம்பியதில்லை. எடைமேடையில் லாரி ஏறும் முன் அவர் ஏறி நிற்பார். தன் எடையைச் சரியாகக் காட்டினால்தான் சரக்கு ஏறும். அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும் என்று சொன்னேன். அதையும் நம்பவில்லை. தஞ்சாவூர் மருத்துவமனையில் கடைசியாகப் படுத்திருந்தபோதும், ஊசி போட வந்த பெண்ணிடம், "நான் பாக்கும்போது மருந்தை உடைம்மா" என்றார். அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் அவர் கண்ணுக்கு நேரே உடைத்தாள். நுரையீரல் போய்விட்டது. கண் மட்டும் விழித்திருந்தது.

அதிராம்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் கிடங்கு வேலை பார்த்துத் திரும்பி, பேராவூரணிப் பக்கம் கொட்டாங்குச்சிக் கரிக்களம் வைத்தார். குழியில் கொட்டாங்குச்சியை நிரப்பிக் கொளுத்தி மூடுவார்கள். வெந்ததும் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். புகை மேலே போகும். கறுப்புத் தண்ணீர் மண்ணில் இறங்கும்.

களத்தில் ஒரு கிணறு உண்டு. அது உப்பு என்பார். கடல் பக்கம் என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. குடிக்க, டீ போட, ஆட்களுக்குக் கொடுக்க எல்லாம் பக்கத்து வயல் கண்ணாத்தாள் அக்கா கிணற்றிலிருந்து கேன் கேனாக வரும். அக்காவின் பெற்றோர் அந்த வயலில் கூலிக்கு நட்டவர்கள். அக்கா அதை விலைக்கு வாங்கியவர். "ஊரையே சந்தேகப்படுற பாய் எங்கிணத்தை மட்டும் நம்புறாரு" என்று எல்லோரிடமும் சொல்லுவார்.

போன ஆண்டு களத்தை ஒட்டிய தரிசில் ஒரு கம்பெனி வந்தது. கொட்டாங்குச்சிக் கரியை இன்னும் கடும் சூட்டில் சுட்டு, அமிலத்தில் கழுவினால் சோடியம் பேட்டரிக்குள் வைக்கும் கரி கிடைக்கும். அதைச் சுற்றுப்புறம் கெடாமல் செய்வோம் என்பவர்களுக்குப் பாதிச் செலவை அரசு தருகிறது. ஒரு நிபந்தனை. ஆலை ஓடும் முன் பக்கத்துக் கிணற்று நீரைச் சோதித்து வைக்க வேண்டும். ஓராண்டு ஓடிய பிறகு அதைவிடக் கெடவில்லை என்று தெரிந்தால்தான் கடைசித் தவணை.

அவர்கள் கேட்டது வாப்பாவின் கிணற்றை. கம்பெனியின் கள அதிகாரி இனியவன், ஆப்பிள் பையோடு வந்தார்.

"எங்கிணத்து மேல என்ன தம்பி அவ்வளவு பிரியம்?"

"ஆலைக்குப் பக்கத்துல இருக்குல்ல பாய்."

"கண்ணாத்தா கிணறு அதைவிடப் பக்கம். நடந்து பாத்துட்டேன்."

இனியவன் சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை. ஆப்பிளையும் யாரையும் தொட விடவில்லை.

நான் திருச்சியில் நீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது வாப்பா ஒரு கண்ணாடி பாட்டில் கேட்டு வாங்கி, தன் கிணற்று நீரை நிரப்பித் தந்தார்.

"நான் கேட்டா சோதிச்சுச் சொல்லு. கேக்கலன்னா கொட்டிடு."

"எதுக்கு வாப்பா?"

"கேக்கும்போது சொல்றேன்."

கேட்கவில்லை. ஆய்வகக் குளிர்பெட்டியில் அது இருந்தது. கொட்ட மனம் வரவில்லை.

வாப்பா இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் இனியவன் வீட்டுக்கு வந்தார். "கிணத்தைச் சோதிக்க வாப்பா சரின்னுட்டாங்க மேடம். இப்ப நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்றார். என் வாப்பா ஒரே பேச்சில் சரி என்றாராம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, திருச்சிக்குப் போய் அந்த பாட்டிலைத் திறந்தேன்.

உப்பு இல்லை. எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரைவிடக் குறைவு. பீனால் இருந்தது, குடிநீருக்கு அனுமதித்ததைப் போலப் பல மடங்கு. கொட்டாங்குச்சி வேகும்போது வடியும் தாரில் இருப்பது அது. நாள்பட்டால் குறையும். எடுத்த அன்று இதைவிட அதிகமாகவே இருந்திருக்கும்.

இந்த நீரைத் தொடக்கமாக எழுதிக்கொண்டால், ஆலை எவ்வளவு கழிவு விட்டாலும் "முன்பைவிடக் கெடவில்லை" என்று சொல்லலாம். அரசுப் பணம் வந்துவிடும். பழி இறந்தவர் மேல் விழும். இனியவன் எங்கள் கிணற்றைத் தேடி வந்ததற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. வாப்பாவுக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் உப்பு இல்லை, தன் களத்துக் கறுப்புத் தண்ணீர்தான் கிணற்றைக் கெடுத்தது என்றும் சொல்ல வேண்டும். எத்தனை வருடமாக அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

உம்மாவிடம் சொன்னேன். "கபுருக் குழி மண்ணு இன்னும் காயலை. அதுக்குள்ள நீயே போயி அவங்க பேரைக் கெடுக்கணுமா?" என்றார்.

இரண்டு காலி பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனேன். இனியவனையும் கண்ணாத்தாள் அக்கா கிணற்றடிக்கு வரச் சொன்னேன். அளப்பதானால் இந்தக் கிணற்றை அளக்க வேண்டும் என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.

அக்கா கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"உப்புன்னாரே பாய்."

"உப்பு இல்லக்கா."

"ஊரு உலகத்தையே சந்தேகப்பட்ட மனுஷன். நான் ஒருத்தி அவரைச் சந்தேகப்படாமப் போனேன் பாரு." கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "எங்கிணத்துக்கு வந்திருக்குமா?" என்றார்.

"தெரியலக்கா. சோதிச்சாத்தான் தெரியும்."

இனியவன் குறுக்கிட்டார். "மேடம், இதையெல்லாம் வெளியில பேசினா மானியமே நின்னுடும். ஊருக்கு வர்ற வேலையும் போயிடும்."

"நீ இரு தம்பி. இவ சொன்னதும் நான் தெகைச்சு நிக்கிறேன். நீ தெகைக்கலையே, எப்படி?"

இனியவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனார்.

அக்கா இறைத்த நீரில் பாட்டிலை அலசி ஊற்றினேன். மறுபடி அலசினேன். நிரப்பி, மூடியை எடுத்தேன்.

"இரு பாப்பா. நான் பாக்கும்போது மூடு."

என் கை நின்றுவிட்டது. அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். மூடி முத்திரை ஒட்டினேன். அக்கா அதைத் திருகிப் பார்த்தார். கவிழ்த்தும் பார்த்தார்.

"ஜலீல் பாய் மவதானே நீ. ஒன்னை எப்படி நம்புறது?"

"நம்பாதீங்கக்கா. இன்னொரு பாட்டில் எடுத்து, வேற எங்கயாவது கொடுத்துப் பாருங்க."

இரண்டாவது பாட்டிலை அவரே அலசி, நிரப்பி, மூடினார். முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். வெயில் காய்ந்தது. எப்போதும் போல் ஒரு செம்புத் தண்ணீர் நீட்டப் போனவர், பாதியில் கையை இழுத்து அதை வரப்பில் ஊற்றினார்.