குளோரின் தூளும் நான் வாசிக்காத தாளும்

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழி மாதம். உயிலங்குளத்தில் எங்கள் வளவுக்குள் வந்த வெள்ளம் வடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. கிணற்றுத் தண்ணீர் தேநீர் நிறத்தில் கிடந்தது. இயேசு பிறந்த நத்தார் பெருநாளுக்கோ பத்து நாள்தான். போதாததற்கு, இந்தியாவில் அகதி முகாமில் இருந்த என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, பல வருடங்களுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரப்போகிறார் என்று செய்தி. என் தலை வெடிக்காத குறை.

சுகாதாரப் பரிசோதகர் வந்து, கிணற்றுக்குப் போட ஒரு பை குளோரின் தூளும் அச்சடித்த தாள் ஒன்றும் தந்துவிட்டுப் போனார். என் கணவருக்கு எதையும் அளந்து போட்டுப் பழக்கமில்லை. கறிக்கு உப்பென்றாலும் வயலுக்கு உரமென்றாலும் கை அள்ளியதுதான் அளவு. பையை அப்படியே கிணற்றுக்குள் கவிழ்க்கப் போனவரை ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"இஞ்சாருங்கோ, அந்த ஐயா என்ன சொன்னவர்? வாளித் தண்ணியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில படிய விட்டு, மேல தெளிஞ்சு நிக்கிறதை மட்டும் ஊத்தச் சொன்னவரெல்லோ? அந்தத் தாளை ஒருக்கா வாசிச்சாக் குறைஞ்சா போயிடுவியள்?"

"ஓம் ஓம், நீர் எல்லாம் வாசிச்சனீர்தானே" என்று முணுமுணுத்தபடி அளந்து கரைத்தார்.

நான் எங்கே வாசித்தேன்? அவர் சொன்னதைக் காதால் கேட்டேனே, பிறகென்ன வாசிப்பு! தாளை மடித்து மிளகாய்த்தூள் போத்தலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மிஞ்சிய அரைப் பைதான் வினையானது. மலசலகூடத் தரை வெள்ளச் சேற்றில் பழுப்பேறிக் கிடந்தது. அசிட் ஊற்றித் தேய்த்தேன், போகவில்லை. மச்சாள் என்ன நினைப்பார்? தூளையும் போட்டால் பளிச்சென்று வந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து நாலு வயது மகள், "நானும் கழுவுறன்" என்று சிரட்டையோடு உள்ளே வந்து நின்றாள்.

"போடி அங்கால! மனிசரை ஒரு வேலை செய்ய விடுறியளே!" என்று கத்தி, அவளை வெளியே தள்ளினேன். மழையில் ஊதிய கதவு. தோளால் இடித்துத்தான் கொண்டியைப் போட முடிந்தது.

தூளை அசிட்டின் மேல் கொட்டினேன். சீறிக்கொண்டு பச்சையும் மஞ்சளுமாய் ஒரு புகை கிளம்பியது. ஒரு மூச்சுத்தான் இழுத்தேன். நெஞ்சுக்குள் மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. கொண்டி கைக்கு அகப்படவில்லை. கூப்பிடக் குரலும் இல்லை. கதவில் அடித்தேன். நான் இன்னும் கோபத்தில்தான் அடிக்கிறேன் என்று நினைத்து, வெளியே மகள் வீரிட்டு அழுதாள். அந்த அழுகைக்குத்தான் கணவர் ஓடி வந்தார். கதவை உதைத்து உடைத்து, என்னை முற்றத்துக் காற்றுக்கு இழுத்துப்போட்டு, கண்ணிலும் முகத்திலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். "அசிட்டோட குளோரின் தூளைச் சேர்த்தனீங்களோ? கடவுளே, அது நச்சுப் புகையெல்லோ!" என்று தாதி தலையில் கை வைத்தார்.

மறுநாள் கணவர் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். மிளகாய்த்தூள் கறைக்கு நடுவே மூன்றாவது வரி: அசிட்டுடன் ஒருபோதும் சேர்க்க வேண்டாம். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! "பிள்ளை ராத்திரி சாப்பிடேல்லை. தான் குழப்படி செய்தபடியாத்தான் அம்மாவுக்கு இப்பிடி வந்தது எண்டு சொல்லுறாள்" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மச்சாள் வந்தபோது உடைந்த கதவுக்குப் பதிலாகச் சாக்கு தொங்கியது. தரையில் பழுப்பும் அப்படியே இருந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு, "முகாமில கக்கூசுக்கு வரிசையில நிண்ட எங்களுக்காகவேயடி உயிரை விடப் பாத்தனீ?" என்று ஏசினார்.

அந்தத் தாள் இப்போது புதுக் கதவில் ஒட்டியிருக்கிறது. மகள் எழுத்துக்கூட்டி அதை வாசிக்கும் போதெல்லாம், அன்று அவளை அந்தப் புகையிலிருந்து காப்பாற்றியது என் அறிவு அல்ல, வெறும் எரிச்சல்தான் என்பது நினைவுக்கு வந்து, எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.