மூன்று விரல்

என் மகள் செங்கல்பட்டில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஆண்டு அவளும் உடன் படிக்கும் சிலரும் புகையிலைக்கு எதிராக ஒரு குழு தொடங்கினார்கள். ஆசிரியர்கள் அனுமதி கொடுத்ததோடு சரி, மற்றதெல்லாம் பிள்ளைகளே செய்தார்கள். பீடி, சிகரெட்டைவிட அவர்களுக்குக் கவலை, பாக்கும் புகையிலையும் கலந்த சிறு பொட்டலங்கள்தான். வகுப்பில் உட்கார்ந்தபடியே வாயில் அடக்கிக்கொள்ளலாம். புகை வராது. விற்கத் தடை உண்டு, கேட்டால் கிடைக்கும்.

பல் மருத்துவம் படிக்கும் மாணவி ஒருத்தி வந்து அவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்லிக்கொடுத்தாள். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்படி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைக்க வேண்டும். நல்ல வாய் மூன்றுக்கும் இடம் கொடுக்கும். பொட்டலம் போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளன். அவரவர் விரலே அவரவருக்கு அளவுகோல் என்பது எனக்குப் பிடித்திருந்தது. நானும் மனைவியும் உடனே செய்து பார்த்தோம். மூன்றும் போயின. பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கும் மகன் அப்போது வீட்டில் இல்லை.

"நோட்டீஸ் குடுத்தா சுருட்டிக் காது கொடையிறானுங்க நைனா" என்றாள் மகள். அதனால் ஒரு யோசனை செய்தார்கள். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு பானி பூரிக்காரரிடம் பேசினார்கள். மூன்று விரல் போகிறவருக்கு ஒரு பூரி இலவசம். போகாதவரைத் தனியே அழைத்துப்போய் மருத்துவமனை விவரம் சொல்வது.

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் பேனர் பிடிக்கப் போனோம். நல்ல கூட்டம், நல்ல சிரிப்பு. தங்கையைக் கிண்டல் செய்வதற்காகவே மகன் இரண்டு நண்பர்களோடு வந்திருந்தான்.

"டாக்டரம்மா, என் வாயப் பாரு" என்று ஒரு நண்பன் விரல்களை நுழைத்துக் காட்டி, பூரியை வாங்கி விழுங்கினான். பிறகு மகனைத் தள்ளினான். "நீ இன்னா மச்சான், வெக்கப்பட்டுகினு நிக்கிற? உன் தங்கச்சி கடைடா."

"பசியில்ல, வுடுடா."

"இட்லியக்கூட கிள்ளிக் கிள்ளித் துன்றவன்தான நீ!"

"வாடா அண்ணா, பிகு பண்ணாத. ஆ காட்டு" என்றாள் மகள், சிரித்துக்கொண்டே.

இரண்டு விரல் போயிற்று. மூன்றாவது பல்லில் முட்டி நின்றது. நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்ததால் பார்த்தேன். நண்பர்கள் பார்க்கவில்லை. மகளின் சிரிப்பு நின்றது. பிறகு உரக்கச் சொன்னாள்: "மூணு போச்சி. அடுத்த ஆளு வாங்க."

பூரியை அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். முழுதாக வாயில் போட வேண்டிய பண்டம் அது. அவன் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான். எல்லோரும் பார்த்ததால் வாயில் திணித்தான். பல்லில் பட்டு உடைந்து, புதினாத் தண்ணீர் மோவாயில் வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது.

"கொயந்த மாதிரி ஒழுகவுட்டுகினு கீறான் பாரு!"

அவனும் சேர்ந்து சிரித்தான். மகள் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் ஸ்கேல் வைத்து அளந்தார். பொட்டலத்தை அடியோடு விட்டால் இதற்குமேல் இறுகாமல் பார்க்கலாம், பழையபடி திறக்கும் என்று சொல்ல முடியாது என்றார். புண் வந்தால் தாமதிக்கக் கூடாது, புற்றுநோயாக மாறக்கூடியது என்றார். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே தினமும் வைத்திருக்கச் சொன்னார். வாய் இளக இளக ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும்.

"எப்போலருந்துடா?" என்று மனைவி கேட்டாள்.

"டென்த்துலருந்தும்மா. பஸ்ல எல்லாரும் போட்டானுங்க."

மகள் குழுவிலிருந்து விலகிவிட்டாள். தோழிகள் வீட்டுக்கு வந்து கூப்பிட்டபோது பரீட்சை என்றாள். என்னிடம் மட்டும் சொன்னாள்: "மூணுன்னு சொல்லிட்டனே நைனா. இனிமே யார் வாயப் பாத்து நான் இன்னா சொல்றது?" மற்றவர்கள் திருவிடந்தைக் கடற்கரையில் ஒருமுறை அந்தச் சோதனையைச் செய்தார்கள். பிறகு அவர்களும் செய்யவில்லை.

குச்சிகளை நான்தான் அடுக்கிக் கொடுத்தேன். முதலில் ஒரு குச்சி கூடியது. அப்படியே பல வாரம் நின்றது. பிறகு ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. துணி துவைக்கும்போது அவன் சட்டைப்பையில் இருந்த கிழிந்த பொட்டலத்தை மனைவி கொண்டுவந்து காட்டினாள்.

அவனைக் கேட்டேன். கோபப்படவில்லை அவன்.

"ஒண்ணே ஒண்ணுதான் நைனா. இத வுட்டா மட்டும் தொறக்கப்போவுதா?"

திறக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருத்துவரே சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? விடாவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினான். அதன்பின் குச்சிகளை வாங்கிக்கொள்வதையும் நிறுத்திவிட்டான். அவற்றை ரப்பர் பேண்ட் போட்டு அவன் பல் பிரஷ் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காரம் பட்டால் வாய் எரிகிறது என்பதால் மனைவி மிளகாய் போடாமல் அவனுக்குத் தனியாகக் குழம்பு வைக்கிறாள்.

நேற்று மாலை மகள் படித்துக்கொண்டிருந்தாள். கொட்டாவி விட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த அவனுக்கும் கொட்டாவி வந்தது. பாதியிலேயே நின்றது. தாடையைக் கையால் பிடித்துக்கொண்டான். அவள் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.